மெரில் கொண்டுவந்த தழை

என் அக்கா தெல்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கூட இருந்து அனுபவிக்காதவர்கள் அதை நல்ல குணம் என்பார்கள். பாதிரியாரின் மனைவி ஆசையாகச் செய்து கொண்டுவந்த கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, "உள்ள மாவு வேகவே இல்லையே" என்று சபை நடுவே சொன்னவள் அவள். கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவனிடம், "உன்னைவிட ஆடுங்களோட இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் என் சிநேகிதன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெர்மான்ட் மலையில் அப்பா விட்டுப்போன பன்னிரண்டு ஏக்கரில் எட்டுப் பெட்டை ஆடுகள் வைத்திருந்தாள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலையும் மாலையும் ஆடுகள். சனிக்கிழமைச் சந்தையில் அவள் செய்த பாலாடைக்கட்டி பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். எட்டில் மூத்தது நெட்டி, பல் கொட்டிய கிழவி.

அடுத்த வீடு மெரிலுடையது. வயது எண்பத்தொன்று. மனைவி யூனிஸ் அக்டோபரில் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அக்காவும் அவள் ஆடுகளும்தான். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டில் வைத்த மரத்தைக் கொண்டுவந்து ஆட்டுப்பட்டியில் போடுவார்கள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லையே மென்று அலுத்த ஆடுகள் அந்தப் பச்சை ஊசியிலைகளை முண்டியடித்துத் தின்னும். அந்த ஜனவரியில் மெரில் ஊரெல்லாம் அலைந்து பத்து மரம் சேர்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச்சில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து சரிந்த பனி, வாசற்படியோரம் நின்ற செடியை முறித்துவிட்டது. கல்யாணமான வருடம் யூனிஸ் படிக்கு இரண்டு பக்கமும் வைத்த ஜோடியில் ஒன்று அது. அதற்கும் ஊசியிலைதான், பச்சைதான். குப்பையில் போட மனசு வராமல், தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பட்டிக்குள் போட்டிருக்கிறார். அக்கா அப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

"லைல், உடனே வா" என்று மட்டும் போனில் சொன்னாள். நான் நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன. ஏழும் நிறைசினை. மூன்று வாரத்தில் குட்டி போட வேண்டியவை. குளம்புப் புண்ணுக்காகக் கொட்டிலுக்குள் கட்டிப் போட்டிருந்ததால் நெட்டி மட்டும் பிழைத்தது.

கால்நடை மருத்துவரம்மா ஓர் ஆட்டின் வாயிலிருந்து இலையை எடுத்துப் பார்த்தார். "இது யூ செடி. இலையெல்லாம் விஷம். ஒரு கைப்பிடி போதும், இதயம் நின்னுடும். யார் போட்டது?"

பனியில் தள்ளுவண்டியின் சக்கரத் தடம் மெரில் வீட்டு வாசல்வரை போயிருந்தது.

"இப்பவே போய் அந்தக் கிழவனைக் கேக்குறேன்" என்றேன்.

"கேட்டு?"

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"யூனிஸ் வச்ச செடிடா அது. அவர் கையாலயே போட்டிருக்காரு. இது தெரிஞ்சா அந்த மனுஷன் நாளைக்குக் காலையில எதுக்கு எழுந்திரிப்பாரு?"

பனியில் மண்டியிட்டு ஒவ்வொரு கிளையாகப் பொறுக்கிச் சாக்கில் திணித்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுதுகொண்டேதான் பொறுக்கினாள்.

விடிந்ததும் மெரில் வந்தார். பட்டியைப் பார்த்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா ஆச்சு?"

"நுரையீரல் காய்ச்சல் மெரில். ஒரே நாள்ல எல்லாத்துக்கும் பரவிடுச்சு."

ஐம்பத்தாறு வயதில் அவள் சொன்ன முதல் பொய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வெளியே மண் கல்லாக உறைந்திருந்தது. சாணமும் வைக்கோலும் மூடிக் கிடந்த பட்டிக்குள் மட்டும் இளகியிருந்ததால் அங்கேயே மெரில் தன் டிராக்டரால் குழி தோண்டினார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் இறக்கினார்.

"நேத்துதாம்மா தழை போட்டேன். தின்னுச்சுங்களா?"

"ஆசையா தின்னுச்சுங்க."

அது பொய் இல்லை. மெரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும் எனக்கு" என்றார். நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் முடிவதற்குள் அக்கா கொஞ்சம் தேறினாள். பக்கத்து ஊரில் ஒருவர் இரண்டு பெட்டைக் குட்டிகள் தருவதாகச் சொன்னார். அவற்றுக்குப் பெயர்கூட யோசித்துவிட்டாள். மறுபடி பட்டி நிறைந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரிலின் டிராக்டர் வந்தது. முன்பக்கத்து மண் அள்ளும் வாளியில், வேரும் மண்ணுமாக, யூனிஸின் இன்னொரு செடி.

"ஜோடி போனப்புறம் இது மட்டும் அங்க ஒண்டியா நின்னு என்ன பண்ணப் போகுது? என்னால பார்க்க முடியலம்மா. உன் ஆடுங்க தலைமாட்டுல நட்டுடுறேன். யூனிஸுக்கும் பிடிக்கும்." பிறகு கொட்டில் பக்கம் பார்த்துச் சிரித்தார். "வளர்ந்துச்சுன்னா அந்த நெட்டிக் கிழவியும் ரெண்டு வாய் கடிச்சுக்கலாம்."

பட்டிக்குள் அந்தச் செடி நிற்கும்வரை அங்கே ஆடு விட முடியாது. வேறெங்கே விட்டாலும் மெரில் ஆசையாக அதிலிருந்து தழை ஒடித்துப் போடுவார். சொல்லித் தொலை அக்கா என்று மனதுக்குள் கத்தினேன். யார் மனம் நோகுமோ என்று ஒருநாளும் யோசிக்காதவள், அன்று வெகுநேரம் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நட்டுடுங்க மெரில்" என்றாள். "நெட்டியை லைல் கூட்டிட்டுப் போறான். குளம்பு வைத்தியம் பாக்குற டாக்டரம்மாவுக்கு அவன் வீடுதான் பக்கம்."

எனக்கே அது புதுச் செய்தி. இந்தப் பொய் தடங்கலில்லாமல் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவரோடு சேர்ந்து மண் தள்ளினாள். அன்று சாயங்காலம் நெட்டியை என் வண்டியில் ஏற்றிவிட்டாள். குட்டிகள் வேண்டாமென்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடமாகிவிட்டது. மெரில் காலையில் எழுந்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டுத் தினமும் செடியைப் பார்க்க வருகிறார். இலை நன்றாகத் தளிர்த்திருக்கிறது என்று எனக்குப் போன் போட்டுச் சொல்கிறார். கோடையில் வாளி தூக்க அவருக்கு முடிவதில்லை. தெல்மாதான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.