மடிப்புக்குப் பிறகு வந்த தங்கம்

ஈரப் பாறையை ரம்பம் அறுக்கும்போது ஒரு வாசம் வரும்... துருவும் சேறும் கலந்த மாதிரி. துணியிலிருந்து போகவே போகாது.

ஈப்போவுக்குப் பக்கத்தில், ஜெலாப்பாங்கில் ஒரு ஷெட். அதுதான் என் முதல் வேலை. பழைய ரப்பர் தோட்டத்தில் துளை போட்டு எடுத்த பாறையை அறுத்து, தங்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். நானும் சரளா அக்காவும். அக்கா பாரிட் புந்தார் ஊர்க்காரர், எனக்கு மூத்த ஜியாலஜிஸ்ட். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகச் சண்டை போடுவார்.

அந்தத் தோட்டத்துப் பாறை, பிழிந்து போட்ட துணி மாதிரி மடிந்து கிடந்தது. மடிந்தபோதே தங்கமும் வந்துவிட்டது, அதனால் மடிப்பின் முதுகில், மேடாக வளைந்த இடத்தில்தான் தேட வேண்டும் என்றார் முதலாளி.

அக்கா பாறையைத் தூக்கிக் காட்டினார்.

"பாஸ், இந்த வெள்ளக் கோடு மடிப்ப வெட்டிக்கிட்டுப் போவுது பாருங்க. தங்கம் இதுலதான் இருக்கு. மடிப்புக்கு அப்புறம் வந்தது லா! கோடு ஆத்துப் பக்கந்தான் ஓடுது, அங்க துளை போடுங்க."

"ப்ரூஃப் கொண்டாம்மா, பாக்கலாம்."

ப்ரூஃப் என்றால் வயது. தங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த மைக்கா என்ற மினுமினுப்பான கனிமத்தை, வயது பார்க்க வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினோம். பாறை மடிந்த காலம் ஏற்கெனவே தெரியும். மைக்கா அதைவிட இளையது என்றால் அக்கா சொன்னது சரி.

பதில் வர மாதக்கணக்கில் ஆனது. முதலாளி காத்திருக்கவில்லை. மடிப்பின் முதுகிலேயே துளை மேல் துளை... எல்லாம் வெறும் பாறை. கம்பெனியை மூடிவிட்டார். அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய். லூமுட்டில் தங்கை வீட்டோடு போய் இருந்தார்.

ரிசல்ட் எனக்கு ஈமெயிலில் வந்தது. அன்றைக்கே பஸ் ஏறினேன். அக்கா பாதி உடம்பாகக் கட்டிலில் கிடந்தார்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. மைக்கா ரொம்ப இளசு. தங்கம் அப்புறந்தான் வந்திருக்கு."

"ஆத்துப் பக்கம் யாராச்சும் போட்டாங்களா?"

"இல்லக்கா."



"ஒரே ஒரு துளை போட்டுப் பாத்திருக்கலாம் லா..."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மாதமே போய்விட்டார்.

நேற்று அந்தப் பழைய தோட்டத்துப் பக்கம் காரில் போனேன். ஆற்றோரம் முழுக்க வரிசை வீடுகள். இனி யாரும் அங்கே துளை போடப் போவதில்லை. அந்த மண்ணுக்கடியில் தங்கம் இருந்ததா, இல்லையா... தெரியாமலே போயிற்று.

இப்போது எனக்கு ஈப்போவில் ஏர்கான் போட்ட அலுவலகத்தில் வேலை. பாறை மடிப்புகளைக் கம்ப்யூட்டரே வரைந்து காட்டுகிறது. மீட்டிங்கில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ரிசல்ட் வருகிறது, படிக்கிறேன், ஃபைலில் போடுகிறேன்.

உடனே ஓடிப் போய்ச் சொல்ல ஆளில்லை.