நீங்க போங்க, எனக்குப் பசிக்கல

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். அந்தப் பக்கமிருந்து வந்த குரலைக் கேட்டதும் இதே காதுகள்தான்.

கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நான் பெரிய வாயாடி. "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்பார் அப்பா. ஹாஸ்டலுக்கு வந்ததும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. என் அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில். இன்னொரு கட்டிலுக்கு ஆள் வரவே இல்லை. பக்கத்து அறையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி ஓயாமல் பேசுவாள், அதனால் ரேடியோ. இன்னொருத்தி நெட்டை. முதல் வாரம் நன்றாகத்தான் சிரித்துப் பேசினார்கள். பிறகு என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் தவித்தேன்.

தினமும் ஏழு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். "ஃப்ரெண்ட்ஸ் கெடச்சாங்களா?" என்று அம்மா கேட்பாள். "நெறைய பேரும்மா" என்பேன். போனை வைத்துவிட்டு அழுவேன். பிறகு இறங்கி வந்து, காலியாகக் கிடக்கும் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுவேன். மாதக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவது, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவே எடுத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் காலையில் அசந்து தூங்கிவிட்டேன். வகுப்பின் பின்வாசலை அடைந்தபோது மணி 9.10. உள்ளே சார் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தேழு என்பது நான்.

"பிரசன்ட் சார்."

யாரோ எனக்கு ப்ராக்ஸி கொடுத்துவிட்டார்கள். கல்லூரியில் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாட்டினால் இரண்டு பேருக்கும் ஆப்பு. சும்மா போகிற யாருக்காகவும் அந்த வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள். ஃப்ரெண்டுக்குத்தான் கொடுப்பார்கள். அப்படியென்றால் இந்த வகுப்பில் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இடைவேளையில் துணிந்து ரேடியோவிடம் போனேன்.

"காலைல எனக்கு ப்ராக்ஸி குடுத்தது நீயா?"

அவள் முறைத்தாள். "நீதானே பின்னாடியிருந்து சொன்னே. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரென்று பார்த்தே தீர வேண்டும் என்று மறுநாள் வேண்டுமென்றே வெளியே நின்றேன். எனக்கு அன்று ஜலதோஷம். பின் ஜன்னல் வழியாக எல்லாத் தலைகளும் தெரிந்தன. முப்பத்தாறு... முப்பத்தேழு...

"பிரசன்ட் சார்."

யாரும் அசையவில்லை. குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. அந்த பெஞ்சில் ஆளே இல்லை. அது என் குரல்தான். என் தொண்டை கட்டியிருந்ததைப் போலவே அதுவும் கட்டியிருந்தது.

நான் உள்ளே போகவில்லை. அன்று எந்த வகுப்புக்கும் போகவில்லை. நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஜுரம் வரப்போகிறது, அதனால்தான் இதெல்லாம் கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை மொட்டைமாடியில் பேச்சு நீண்டுவிட்டது. மணி 8.02. ஹாஸ்டல் ரோல்கால் நேரம். வார்டன் படிக்கட்டில் நின்று அறை எண்ணைக் கூப்பிடுவார். அவரவர் அறையிலிருந்தே குரல் கொடுப்போம்; மெஸ்ஸில் இருப்பவர்களை அங்கேயே போய் எண்ணிக்கொள்வார். ஓடி இறங்கினேன். கீழே வார்டன் என் அறை எண்ணைச் சொன்னார். நான் இன்னும் படியில்தான் இருந்தேன்.

"இருக்கேன் மேம்."

என் அறைக்குள்ளிருந்து...

வார்டன் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்.

கதவின் கைப்பிடியைத் திருகினேன். பூட்டியிருந்தது. சாவி என் கையில்.

உள்ளே கட்டில் கிரீச்சென்றது. யாரோ எழுந்து உட்கார்கிறார்கள்.

செருப்பில்லாத கால்கள் நடந்து வந்தன. கதவருகே நின்றன.

தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

"யாரு?"

என் குரல்.

"நா... நான்தான்."

மூச்சுச் சத்தம். அதுவும் ஜலதோஷ மூச்சு.

"நீங்க போங்க. எனக்குப் பசிக்கல."

எப்படி இறங்கினேனோ தெரியாது. மெஸ்ஸில் ரேடியோவும் நெட்டையும் அன்று தாமதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் ரூம்ல யாரோ இருக்காங்க. நீங்க போங்க, எனக்குப் பசிக்கலன்னு சொல்றாங்க."

அவள் கையை உதறினாள். "என்னடி நக்கலா? தெனமும் அதையேதானே எங்ககிட்ட சொல்றே? மாசம் பூரா உன் கதவத் தட்டித் தட்டி எங்களுக்கு மானமே போச்சு."

"எப்போ தட்டினீங்க?"

"சாப்பிட வர்றப்பதான். ஏழேகால் இருக்கும்."

ஏழேகாலுக்கு நான் தினமும் மொட்டைமாடியில் இருப்பேன். அழுதுகொண்டே அதைச் சொன்னேன். நெட்டையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப இத்தன நாளா யாருடி பேசினது?"

அன்றிரவு அவர்கள் என்னை விடவில்லை. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, என்னை நடுவில் படுக்க வைத்தார்கள். காலையில் வார்டனோடு போய் என் அறையைத் திறந்தோம். யாருமில்லை. ஆள் வராத அந்த இன்னொரு கட்டிலில் என் தலையணை கிடந்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

அன்றே அவர்கள் அறைக்கு மாறிவிட்டேன். வீட்டுக்கு ஓடும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து மெஸ் அக்காதான் சொன்னார். போன வருடம் அதே அறையில் முதலாண்டுப் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். யாரோடும் ஒட்டாதவள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறாள். நாலாவது நாள்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அவள யாருமே தேடலியாக்கா?"

"எதுக்கும்மா தேடணும்? தெனமும் ரோல்கால்ல பதில் வந்துச்சே. பக்கத்து ரூம் பொண்ணுங்க சாப்பிடக் கூப்பிட்டப்பகூட, நீங்க போங்கன்னு சொன்னாளாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "விழுந்த அன்னைக்கே உசுரு போயிருச்சுன்னு டாக்டர் சொன்னார்."

அவள் குரலில் பேசியது எது? அவளேவா? இல்லை, அவளுக்கும் முன்னால் அங்கே இருந்த ஏதோ ஒன்றா? எனக்குத் தெரியாது.

அன்றைக்கே ரேடியோ, நெட்டை இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நான் வரலன்னு சொன்னா நம்பாதீங்க. என் முகத்தப் பாத்துட்டுப் போங்க."

"ஆமா, பெரிய அழகு மூஞ்சி" என்றாள் ரேடியோ.

போன வாரம் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, குளியலறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"வெளிய வாடி. மூஞ்சக் காட்டு."

துண்டைச் சுற்றிக்கொண்டு திறந்தேன். ரேடியோ நின்றிருந்தாள். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாளாம். உள்ளிருந்து பதில் வந்ததாம்... நீங்க போங்க என்று.

அவள் கூப்பிட்டதே என் காதில் விழவில்லை.

ஆனால் அவள் போகவில்லை.