துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

என் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு துண்டு இருக்கிறது. பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை, யாரும் எங்களுக்குக் கொடுக்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னால் அது பிடுங்கிய துண்டு. பட்டப்பகலில், கண்ணமங்கலத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மாமியார் ஓர் அடமானத் தரகரின் கைமேலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தார். போன வாரம் வேலூரில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு வீட்டுக் கடன் ஏஜெண்ட் வந்து உட்கார்ந்து, "எனக்கு நீங்க ஒத்த ரூபா தர வேணாம்மா, எங்க சர்வீஸ் எல்லாம் ஃப்ரீ" என்று சொன்னதும், நான் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மாத்திரை எடுக்கப் போகிறேன் என்று மகன் நினைத்திருப்பான்.

அது பர்மாவில் யுத்தம் நடந்த காலம். படவேட்டுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடத்தில் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியது மாமியாரும் நானும், இரண்டு ஏக்கர் நிலமும், அதில் ஒரு கிணறும். அந்த ஐப்பசி மழையில் கிணற்றின் கிழக்குப் பக்கம் முழுதாகச் சரிந்து உள்ளே விழுந்தது. கரும்பு முழங்கால் உயரம் நின்றது. தூர் வாரிக் கல்கட்டு கட்ட நானூறு ரூபாய் ஆகும் என்றார்கள். கட்டாவிட்டால் கரும்பு போகும், பிறகு நிலம் வெறும் கரம்பாகக் கிடக்கும். ஒரு ஏக்கரை விற்றுவிடலாம் என்று பங்காளிகள் யோசனை சொன்னார்கள். மாமியார் அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம்புள்ள திரும்பி வர்றப்போ நெலமும் இருக்கணும், தண்ணியும் இருக்கணும். ஒன்ன வித்து ஒன்னக் காப்பாத்தற பேச்சு எங்கிட்ட வேணாம்."

ஆக, நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது என்று முடிவாயிற்று. அந்த நாளில் பணம் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் பெண்பிள்ளை நேரே போய் நின்று கேட்க முடியாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். எங்களைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை நான் சிரிப்புத் தரகர் என்றும், இன்னொருவரைச் சிடுசிடுத் தரகர் என்றும் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். சிரிப்புத் தரகர் வந்ததும் என் வீட்டுக்காரரின் போட்டோவைப் பார்த்துக் கண்கலங்கினார். "பட்டாளத்துக்காரர் வூடு. உங்ககிட்ட நான் தரகு வாங்கினா எங்கையி அழுகிப் போய்டும்மா. வட்டியும் கெடையாது. வெள்ளாமையில ஏதோ கொஞ்சம் பணம் குடுக்கறவருக்குப் போவும், அவ்ளோதான்" என்றார். சிடுசிடுத் தரகர் உள்ளே வரவே இல்லை. வாசலில் நின்றபடியே, "நூத்துக்கு ரெண்டு ரூபா தரகு. பாதி மொதல்ல, பாதி பத்திரம் பதிவான அன்னிக்கி. கடன் கெடைக்கலன்னா மொதல் பாதி திரும்பி வராது, அது நான் நடந்த கூலி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் கான்வெண்டில் எட்டாவது வரை படித்தவள். அந்தத் தெருவிலேயே பத்திரம் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்ற கர்வம் வேறு. "தரகும் இல்ல, வட்டியும் இல்ல. இதுல யோசிக்க இன்னா இருக்குது அத்தே?" என்றேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியையும் கூடவே எடுத்துவிட்டேன். அதை நான் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மாமியாரின் அப்பா சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். "தானமா வந்த மாட்டத்தாம்மே மொதல்ல பல்லப் புடிச்சிப் பாக்கணும்" என்றார் அவர். "சும்மா ஒருத்தன் ஏன் ஓட்டிக்கினு வர்றான்? போய்ப் பாப்போம் வா."

மறுநாள் விடியலில் வண்டி கட்டிக் கண்ணமங்கலம் போனோம். பணம் கொடுக்கிறவர் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு ஒரு பாய் போட்டார்கள். பத்திரத்தின் நகலை என்னிடம் கொடுத்ததும் நான் கணீரென்று படித்தேன். பாதியில் நாக்கு தடுமாறியது. கடன் தீரும் வரை மூன்று வருஷத்துக்கு நிலமும் கிணறும் பணம் கொடுத்தவரின் சுவாதீனத்தில் இருக்கும், விளைவதை அவரே அனுபவித்துக்கொள்வார் என்று எழுதியிருந்தது. வட்டி இல்லாத கடனின் சூட்சுமம் அதுதான். மாமியார் சிரிப்புத் தரகரைப் பார்த்தார். "கடன் வாங்கி நாங்க கெணறு கட்றோம். அந்தத் தண்ணியில கரும்பு வெட்றது அவரா? நெலம் எங்கையிலதான் இருக்கணும். வட்டி தர்றேன்னு சொல்லு." தரகர் அதற்கும் சிரித்தார். "கவலப்படாதம்மா, உனக்காகத்தான நான் இருக்கேன். பேசி முடிக்கிறேன்" என்று தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் பேரம் வாயால் நடக்காது. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள், உள்ளே ஒருவர் மற்றவரின் விரலைப் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் தொகை. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். மாட்டுக்கு இருந்த இந்தப் பழக்கத்தை நிலத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள். பெண்பிள்ளை அந்தத் துண்டுக்குள் கைவிட முடியாது என்பது அவர்களுக்கு இன்னும் வசதி. தரகரின் கையும் பணக்காரரின் கையும் துண்டுக்குள் போயின. துண்டு இரண்டு தரம் அசைந்தது. உள்ளே கை இருக்கும்போதே தரகர் எங்கள் பக்கம் திரும்பி, "உனக்காக மல்லுக்கட்டி மூணு வருஷத்த ரெண்டா கொறச்சிட்டேம்மா" என்றார். அவ்வளவுதான், மாமியார் பாயை விட்டு எழுந்தார். இரண்டு எட்டில் போய்த் துண்டின் கரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

இரண்டு ஆண்களும் குளிக்கும்போது வேலி சாய்ந்துவிட்டதைப் போல விழித்தார்கள். பணக்காரரின் கைக்குள் தரகரின் ஐந்து விரலும் அப்படியே பிடிபட்டிருந்தன. பிடித்தவருக்கு விடத் தோன்றவில்லை, பிடிபட்டவருக்கு இழுக்கத் தோன்றவில்லை. மாமியாரின் குரல் உயரவே இல்லை. "ரெண்டு வருஷம்னா ரெண்டு வெரலுதான புடிக்கணும்? இங்க அஞ்சு இருக்குதே. நூத்துக்கு அஞ்சா? நானூறுக்கு இருவது ரூபா. நான் குடுக்கலன்னா அந்த இருவது எங்கேருந்து மொளைக்கும், என் நெலத்துலேருந்துதான? நீ எனக்கு ஆளு இல்லப்பா. என்னக் கொண்டாந்து வித்துட்டுப் போறவன்." பிறகு என்னைப் பார்த்து, "எந்திரிம்மே" என்றார். நான் எழுந்தேன். என் முகம் சுட்டது. மாமியாரால் வந்த வெட்கம் இல்லை அது, என்னால் வந்ததுதான். நேற்றெல்லாம் அந்தச் சிரிப்புக்கு வக்காலத்து வாங்கியவள் நான்தானே.

வண்டி சந்தவாசல் தாண்டிய பிறகுதான் துண்டு மாமியார் தோளில் கிடப்பதைப் பார்த்தேன். "ஐயோ அத்தே, திருப்பிக் குடுத்தனுப்பலாமா?" என்றேன். "அவன் வூட்டுக்கு வந்து கேக்கட்டும், குடுக்கறேன்" என்றார். அவன் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான்?

வீட்டுக்குக்கூடப் போகாமல் மாமியார் வண்டியை நேரே சிடுசிடுத் தரகரின் ஊருக்குத் திருப்பச் சொன்னார். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். மாமியார் முன்னுரை ஏதும் வைக்கவில்லை. "எங்கிட்ட நூத்துக்கு ரெண்டு கேட்டீங்க. அந்தப் பக்கம் இன்னா வாங்குவீங்க?" தரகர் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. "நூத்துக்கு ஒன்னு" என்றார். மாமியார் சொன்னார்: "ஒரு மாட்ட ரெண்டு நுகத்துல பூட்ட முடியாதுங்க. அந்த ஒன்ன விட்டுடுங்க. அதையும் நானே தர்றேன், நூத்துக்கு மூணு. ஆனா துண்டு போட்டுப் பேசக் கூடாது. பேசறது எம்முன்னாடி, வாயால." தரகர் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "தரகக் கொறைன்னு கேட்டவங்களத்தான் பாத்திருக்கேன். ஏத்தித் தர்றேன்னு சொல்ற ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன்" என்றார். அன்று அவர் வீட்டில் மோர் குடித்தவர்கள் நாங்கள்தான்.

மூன்று ரூபாய் கணக்கில் தரகு பன்னிரண்டு ரூபாய். வீட்டில் பன்னிரண்டு அணா இல்லை. கல்யாணத்தின்போது என் அம்மா சீராகக் கொடுத்த வெள்ளச்சி என்ற ஆடு இருந்தது, அதற்கு இரண்டு குட்டிகள். மாமியார் மூன்றையும் சந்தைக்கு ஓட்டினார். நான் அழுதேன், மறைக்காமல் சத்தமாகவே அழுதேன். "கடன் பணத்துலேருந்தே கழிச்சிக்கச் சொல்லக் கூடாதா? எங்கம்மா குடுத்த ஆடுதான் கெடைச்சிதா?" என்று கேட்டேன். "கடனோட சேத்தா தரகும் வட்டி போட்டு வளரும்மே. அதோட, பணக்காரன் கையால வாங்கினா தரகர் அவனுக்கு ஆளாயிடுவாரு. எங்கையால குடுத்தாத்தான் நம்ம ஆளு" என்றார். பதிமூன்று ரூபாய் வந்தது. மிஞ்சிய ஒரு ரூபாயை என் கையில் வைத்தார். நான் வாங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. சரி என்று புத்திக்குத் தெரிந்தாலும், தொழுவத்துக் காலி முளை கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

சிடுசிடுத் தரகர் ஆறு ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு எங்களை ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் அழைத்துப் போனார். நிலம் எங்கள் கையிலேயே இருக்கும், நூற்றுக்கு மாதம் பன்னிரண்டு அணா வட்டி என்பதற்கு வியாபாரி முதல் நாளே ஒப்புக்கொண்டார். ஆனால் மாமியார் இன்னொன்று கேட்டார். எப்போது எவ்வளவு கொண்டுவந்தாலும், அஞ்சானாலும் பத்தானாலும் வாங்கிக்கொண்டு, பத்திரத்தின் முதுகில் வரவு எழுத வேண்டும். சில்லறையாக வாங்கிக்கொண்டிருக்க எனக்கு வேறு வேலை இல்லையா என்று வியாபாரி மறுத்துவிட்டார். தரகர் எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுபடி போனோம், மறுபடி மறுத்தார். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். திரும்பும் வழியில் தரகர் எரிச்சலோடு சொன்னார்: "அந்தப் பக்கம் ஒரு ரூபா வாங்கியிருந்தா மொத நாளே இது வேணாம்னு உங்க வாய அடச்சிருப்பேன்." அதைவிடப் பெரிய நற்சான்றிதழை நான் பிறகு எங்கும் படித்ததில்லை. பதிவான அன்று மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதி ஆறு ரூபாயை அவர் கையில் வைத்தார். அவர் எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

கிணறு எழுந்தது. கரும்பு பிழைத்தது. பிறகு யுத்தம் முற்றியபோது என் வீட்டுக்காரரின் மணியார்டர் நின்றது, கடிதமும் நின்றது. ஏழு மாதம். அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அந்த ஏழு மாதத்தில் மாமியார் ஒரு நாள்கூட ஆரணிப் பயணத்தைத் தள்ளிப்போடவில்லை. வெல்லம் விற்ற பணம் பதினைந்து, புளி விற்ற பணம் ஏழு என்று கொண்டுபோய்க் கொடுப்பார். நான் பத்திரத்தின் முதுகைப் படித்துக் காட்டுவேன். மொத்தமாகத்தான் வாங்குவேன் என்று வியாபாரி சொல்லியிருந்தால், அந்த ஏழு மாதத்தில் நிலம் ஏலத்துக்குப் போயிருக்கும். இடையில் ஒரு நாள் தொழுவத்தில் ஒரு பெட்டையாடு கத்தியது. "இந்தாம்மே, ஒங்கம்மா வூட்டு ஆடு" என்று சொல்லிவிட்டு மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்து ஒரு தை மாத நடுப்பகலில், கண்ணமங்கலம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வீட்டுக்குள் வராமல் கிணற்றுமேட்டில் நின்று, புதுக் கல்கட்டைக் கையால் தடவிப் பார்த்தார். மாமியார் அழவில்லை. தண்ணீர் சேந்தி, சின்னப் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல அவர் தலையில் குடம் குடமாக ஊற்றினார். பிறகு உள்ளே போய், அதுவரை ஒருவரும் தொடாமல் மடித்து வைத்திருந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்து வந்து, மகன் தலையைத் துவட்டினார்.

"புதுசா இருக்குதே, யாருதும்மா இது?" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து.

"ஒரு தரகரு குடுத்தாரு" என்றார் மாமியார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தேன்.

இன்று மாமியாரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. துண்டு மட்டும் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து கூடத்து மேஜைமேல் விரித்தபோது, "என்னம்மா இது?" என்றான் மகன். அவன் கையில் கையெழுத்துப் போடத் தயாராகப் பேனா இருந்தது. நான் ஏஜெண்டைக் கேட்டேன்: "ஃப்ரீன்னா ரொம்ப சந்தோஷம் தம்பி. பேங்க் உனக்கு எத்தன வெரல் குடுக்குது?" அவனுக்குப் புரியவில்லை. "எங்ககிட்ட நீ வாங்கல. அவங்ககிட்ட எவ்ளோ வாங்கறே?" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். நான் சிரிக்கவில்லை. "ஆமாம், எவ்வளவு?" என்று மகனும் கேட்டான். ஏஜெண்ட் துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொகையைச் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, மூன்று பேங்கில் இந்த பேங்க்தான் அவனுக்கு அதிகம் தருகிறது என்பதையும் சொன்னான்.

மகன் பேனாவை மூடினான். நான் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் பைக்குள் இருக்கும் மற்ற இரண்டு பேங்கின் காகிதங்களையும் வெளியே எடுக்கச் சொன்னேன்.