என்னையும் கேட்கச் சொன்ன அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மகன் இளங்கோ சிங்கப்பூரிலிருந்து சொல்லிவிட்டார். நான் அக்காவின் ஒரே தம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில், எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனச்சிதைவு நோய் உண்டு. முப்பது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். உறவினர் பலருக்கு இது தெரியும். ஆனால் எந்தத் தாளிலும் அச்சானதில்லை. பெரியப்பா மகன் அண்ணன் கேட்டார்: "அக்காவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது. இதெல்லாம் எதுக்குப்பா புத்தகத்துல?" யோசித்துப் பார்த்தேன். இதை விட்டால் அக்காவின் வாழ்க்கையில் பாதியை விட்டுவிட வேண்டும்.

அக்கா பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா குத்தகைக்கு உழுதவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். கணக்கில் கெட்டிக்காரர். இருபது வயதில் குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நாலு ஏக்கர். நடவாள் பேசுவதிலிருந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுவது வரை அக்காவும் கூடவே நின்று பார்த்தார்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் நோய் வந்தது. காயில் கட்ட நான் வைத்திருந்த சிறு கடைக்கு எதிர்க்கடையில் இருப்பவர்கள் என்னைப் பற்றியே பேசுவது போலக் கேட்கத் தொடங்கியது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்தேன். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சாப்பிடுவதை நிறுத்தினேன். அப்பா செய்வதறியாமல் அக்காவுக்கு ஆள் விட்டார். அக்கா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து, என் தட்டிலிருந்தே ஒரு கவளம் தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் பார்க்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எனக்கு ஒரு கவளம் கொடுத்தார். நான்கு நாளுக்குப் பின் அன்றுதான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே என்னைக் குடவாசலுக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே அவருடைய மாமியார், நான் அத்தை என்று அழைப்பவர், சும்மா இருக்கவில்லை. "கட்டிக்குடுத்த வீட்டுல தம்பிய வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். அத்தான் சொன்னது ஒரே வார்த்தை: "இருக்கட்டும்மா." வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டோம். திரும்பிய மறுநாளே தஞ்சாவூர் பெரிய மருத்துவமனையில் மனநலப் பிரிவின் வரிசையில் நின்றோம். நாளாவட்டத்தில் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் அத்தைதான் மிகவும் கண்டிப்பாக இருந்தார் என்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தேன். குணமாகிவிட்டது என்று நானாக முடிவுசெய்து, மாத்திரையை வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன். சம்பா அறுவடை நேரத்தில் வீட்டைவிட்டுப் போய்விட்டேன். அறுக்க வேண்டிய நெல்லை அப்படியே விட்டுவிட்டு அக்காவும் அத்தானும் பதினொரு நாள் தேடி, மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் என்னைக் கண்டுபிடித்தார்கள். திரும்பும் பேருந்தில் என்ன திட்டு விழுமோ என்று தலை குனிந்திருந்தேன். அக்கா என் காலைப் பார்த்துவிட்டு, "ரணமா இருக்கே, எரியுதாடா?" என்று மட்டும் கேட்டார். மழையில் பயிர் சாய்ந்து அந்த வருடம் பாதி நெல் வீணானதை நான் வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மருத்துவமனைக்கு மனநல ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்திருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் படும் பாட்டைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். ஒரு பெண் கேள்வித்தாளோடு அக்காவின் முன் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இவரைப் பாத்துக்கிறது உங்களுக்கு எவ்வளவு பாரமா இருக்குங்கம்மா? கொஞ்சமா, நிறையவா?"

"பாரமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன்மா. நாத்துக்கட்டு தூக்குறதும் பாரந்தான், அதுக்காகத் தூக்காம இருக்க முடியுதா?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் கை காட்டினார். "இந்தா, இங்கதான உக்காந்திருக்கான். அவனையும் கேளுங்க. நாங்க அவனுக்கு எவ்வளவு பாரம்னு கேளுங்க."

அந்தப் பெண் தாளைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு கேள்வி இல்லை. இருந்தாலும் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சார்" என்றார். என்னை ஒருவர் சார் என்று அழைத்தது அதுவே முதல் முறை. நான் சொன்னேன்: "வீட்டுல என்னைக் கண்டா எல்லாரும் குசுகுசுன்னு பேசுறாங்க. அது எனக்குப் பயமா இருக்கு. சத்தமாப் பேசச் சொல்லுங்க."

அக்கா திடுக்கிட்டுப் போனார். எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்றுதான் அத்தனை ஆண்டுகளும் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். எனக்கோ காதில் கேட்கும் குரல்களும் அதே மாதிரிதான் பேசும். இது எது, அது எது என்று பிரிக்கத் தெரியாமல் தவித்திருக்கிறேன். "ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "நீங்க யாரும் கேக்கலியேக்கா" என்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் கடன் வாங்குவது முதல் கல்யாணப் பேச்சு வரை எல்லாமே தெருவுக்குக் கேட்கும்படிதான் நடந்தது. இளங்கோவுக்கு இன்றும் மெதுவாகப் பேச வராது.

அடுத்த ஆண்டு அந்தக் குழுவினர் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரித்து, அக்காவிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். 'நோயாளியுடன் ஆதரவான தகவல்தொடர்பைப் பேணவும்' என்று ஒரு வரி இருந்தது. "இதப் படிச்சுட்டு எங்க ஊருல ஒருத்தி என்னம்மா செய்வா?" என்று கேட்டார் அக்கா. தானே பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: 'அவர் எதிரில் மறைத்துப் பேசாதீர்கள். அவர் கேட்கும் குரல் பொய் என்று சண்டை போடாதீர்கள். மெய் என்று ஆமாம் போடவும் வேண்டாம். தூங்கினாரா என்று கவனியுங்கள். மாத்திரை ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.' கடைசி வரியை நான் சொல்லி அவர் எழுதினார். அச்சான கையேட்டில் இவை அப்படியே இருந்தன.

அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார் அக்கா. ரேஷன் கடையிலும் மருந்துக் கடையிலும் கொடுத்தார். மாதம் ஒரு ஞாயிறு ஊராட்சிப் பள்ளியில் குடும்பங்களைக் கூட்டினார். ஏழெட்டுப் பேர் வருவார்கள். சிலர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் டீ போகும்.

அத்தான் வயலில் மாரடைப்பால் போனது எங்கள் எல்லோருக்கும் பேரிடி. அக்கா காரியங்களை எல்லாம் திடமாக நின்று முடித்தார். ஆறு மாதம் கழித்து ஆற்றில் தண்ணீர் வந்தது. எந்த வருடமும் மேட்டூர் அணை திறந்ததும் விதைநெல்லை முதலில் விசாரிப்பவர், அந்த வருடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. விடியும் முன்பே விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். உறவினர்கள், "புருசன் போன துக்கம், தானா ஆறிடும்" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"அக்கா, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

"எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்."

"செத்துடலாம்னு தோணுதாக்கா?"

அக்காவுக்குக் கண்ணீர் வந்தது. "ஊருக்கெல்லாம் சொன்னவ, நானே போயி அந்த வரிசையில நிக்கவாடா?" என்றார்.

"நான் இருபத்தஞ்சு வருசமா நிக்கிறேன்க்கா. பக்கத்துல நில்லு."

மறுநாள் பேருந்தில் ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்தேன். மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பேசவும் வைத்தார். மூன்று மாதம் பிடித்தது. ஒருநாள் காலையில், "தாளடிப் பட்டத்துக்காவது நாத்து விடணும்ல, ஆளு யாரு வர்றா?" என்று கேட்டார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்து பதில் சொன்னேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அக்கா தன் கதையையும் சொன்னார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் கெட்டு, கும்பகோணத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. நான் கூடப் போனேன். அறுபத்தொரு வயதில், ஒரு முற்பகலில், வீட்டிலேயே அமைதியாகப் போய்விட்டார்.

மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அன்று பெரியவர்கள் சிலர், "அவனுக்கு இது தாங்காது, வேற யாராவது கோடி எடுத்துட்டு வரட்டும்" என்று பேசிக்கொண்டார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். விமானம் பிடித்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த இளங்கோ, எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்: "மாமா, நீங்க போயி எடுத்துட்டு வர்றீங்களா? இல்ல நானும் கூட வரட்டுமா?"

"நான் போறேன். நீ அம்மா பக்கத்துல இரு" என்றேன். குடவாசல் கடையில் என்ன நிறம் என்று கேட்டார்கள். அக்காவுக்குப் பிடித்த நிறம் எது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்றங்கால் பச்சையில் ஒன்று எடுத்தேன்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கும்பகோணத்துக்கு ஒருநாளும் தவறாமல் வண்டி ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், கையேடு தந்த குழுவினருக்கும், மாதந்தோறும் கூட்டத்துக்குப் பள்ளியைத் திறந்துவிட்டவருக்கும், துக்கத்தில் பங்குகொண்ட உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று நான் புடவையோடு வாசலுக்கு வந்தபோது கூட்டத்தில் ஒருவர், "பொறந்த வீட்டுக்காரங்க வந்தாச்சு, வழி விடுங்க" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்கும் நன்றி.