ஒரு சைஸ் பெரிய மோட்டார்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் திருக்கோவிலூரில் டிராயிங் மாஸ்டர். மாமனார் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி மோதிரம், ஒரே மாதிரி வாட்ச் போட்டார். தீபாவளி வேட்டியின் கரைகூட ஒன்றுதான். இருபது வருடம் அப்படித்தான் ஓடியது. பிறகு சகலை தன் வீட்டுக் கூடத்தில் கடலைக் கொண்டுவந்து வைத்தார்.

நாலடிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே உப்புத் தண்ணீர், நீல வெளிச்சம், உயிருள்ள பவளங்கள். பச்சையாக ஒன்று, விரல்களை விரித்து மூடுவது போல ஆடிக்கொண்டே இருந்தது. என் மனைவி அதன் முன் சோபாவில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வீட்டில் எதன் முன்னாலும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்வதில் இப்போது வெட்கமில்லை.

அடுத்த வாரமே போன் போட்டு, நானும் வைக்கப்போகிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம். நேரிலேயே வந்து, என்னென்ன வாங்க வேண்டும் என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். முதல் வரியில் சில்லர். அதன் கீழே இரண்டு கோடு.

"அண்ணா, லைட்டு, மோட்டாரு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணிய குளிர வைக்கிற மிஷின்தான் மொதல்ல வாங்கணும்" என்றார்.

அந்த மிஷின் தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் ஒளிந்து கிடப்பது. வருகிறவர்கள் யார் கண்ணிலும் படாது. கண்ணுக்குத் தெரியாததற்கு என்னைச் செலவு பண்ண வைத்துவிட்டு, வெளிச்சத்தில் தான் ஜெயிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பொறாமை வந்துவிட்டால் நல்ல வார்த்தையும் சூதாகத்தான் கேட்கும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

மற்றதை என் வழியில் வாங்கினேன். எனக்குக் கள்ளக்குறிச்சியில் மோட்டார் கடை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்தான் வியாபாரம். கச்சிராயபாளையத்துக்காரரோ மலையிலிருந்து இறங்கி வருகிறவரோ, யார் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "வோல்டேஜ் கம்மியா வருது, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கினு போங்க." அதே கணக்கில் சகலை தொட்டியைவிட என்னுடையது ஓரடி நீளம். லைட் ஒரு சைஸ் பெரிது. அழுக்கை நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மர் ஒரு சைஸ் பெரிது. தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரில் மட்டும் இரண்டு சைஸ் ஏறினேன். மோட்டார் விஷயத்தில் டிராயிங் மாஸ்டரிடம் தோற்க முடியுமா?

மாசியில் நாலைந்து பவளங்கள் வந்தன. அதில் ஒன்று அதே பச்சை விரல் வகை. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நாள் நான் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில் ஏறியதும் மற்ற பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பச்சை விரல்கள் சுருங்கின. "இன்னாங்க, இது மூடிக்கினே கீது?" என்றாள். லைட் போதவில்லை போல என்று இன்னும் கூட்டி வைத்தேன். கடைசியில் அவள்தான் தங்கைக்குப் போன் செய்தாள்.

சகலை வந்தார். தண்ணீரில் கையை விட்டார், எடுத்தார். குனிந்து மோட்டாரைப் பார்த்தார்.

"அண்ணா, எவ்ளோ பெரிய மோட்டாரு! இதோட சூடெல்லாம் தண்ணிக்குள்ளதானே எறங்கும்?"

தண்ணீருக்குள் இருந்தால் மோட்டார் சூடாகாது என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லித்தான் விற்கிறேன். அந்தச் சூடு எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போர்வெல்லில் யார் மீன் வளர்க்கிறார்கள்? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். சில்லர் எங்கே என்று அவர் கேட்கவில்லை, இந்தப் பழமொழியையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பேன்.

பச்சையில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அதை வாளியில் எடுத்து அவர் காரில் வைத்தோம். திருக்கோவிலூர் வரை என் மனைவி வாளியை மடியில் பிடித்துக்கொண்டே போனாள்.

ஆடி முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். என் பவளம் இரண்டு மடங்காக வளர்ந்திருந்தது. வந்திருந்த விருந்தாளிகளிடம் சகலை, "இது மட்டும் அண்ணனோடது" என்று காட்டினார். நான் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

வீட்டில் இப்போது சில்லர் வாங்கி வைத்துவிட்டேன், திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன். அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாங்க. நம்பளுது இந்த வூட்டுலயே இருக்கட்டும். இங்கதான் நல்லா விரியுது."