நீங்க எழுதுங்க, நான் கூப்பிடுறேன்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பந்தலூர்ப் பக்கம் வந்து இறங்கிய காலம். அங்கே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். ஒரு மழைநாளில் இரண்டு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லோருக்கும் வீடு ஒதுக்கியாக வேண்டும். நனைந்த குழந்தைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பெயர் கூப்பிடுவது, வீட்டு எண்ணை எழுதுவது, சாவி கொடுப்பது எல்லாவற்றையும் நானே செய்தேன். பிறரிடம் விட்டால் பிசகிவிடும் என்பது என் எண்ணம். ஆனால் தகரக் கூரையில் கொட்டிய மழையைத் தாண்டி என் மெல்லிய குரல் போகவில்லை. ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதிலேயே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் மேசையருகே வந்தாள்.

“கிளாக்கர் ஐயா, நீங்க எழுதுங்க, நான் கூப்பிடுறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. காதுல சொன்னாப் போதும்.”

“இந்த மழையில கேக்குமாம்மா?”

“அங்க சிலோன்ல நான் கூப்பிட்டா, அடுத்த மலையில எங்க வீட்டுக்காரரு பீடியக் கீழ போட்டுருவாரு ஐயா!”

“இப்பவும் அப்படித்தான்,” என்றான் கூட்டத்தில் நின்ற அவள் கணவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் காதில் சொல்லச் சொல்ல, அவள் முழங்கினாள். வெளிச்சம் இருக்கும்போதே கடைசிக் குடும்பமும் வீட்டுக்குள் போய்விட்டது.

இப்போது எந்த வேலையைத் தொடங்கினாலும், இதில் எனக்கு வராதது எது என்று முதலில் பார்க்கிறேன். அது வருகிறவரிடம் போய்க் கேட்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.