ரேமுக்கு எண்ணெய் வைத்த கதை

லேப்டாப்பின் ரேமுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் மெல்ல மெல்ல வெளிவந்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் வெளிவந்தது.

என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. ஏற்காட்டில் பனிமூட்டம் ஜன்னலோடு நிற்காது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். மழைக்கு முன்பே பூட்டு, கீல், குடைக்கம்பி, காப்பிச் செடியைக் கவாத்துச் செய்யும் கத்தி என்று கண்ணில் படும் உலோகத்துக்கெல்லாம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வைக்க மறந்த பூட்டை ஆவணியில் சுத்தியலால்தான் திறக்க வேண்டும். புதிதாக வாங்கிய ரேம் துண்டின் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தேன். வெளியே மலையை மறைத்து நின்ற மூட்டத்தைப் பார்த்தேன். கை தானாக எண்ணெய்ப் புட்டிக்குப் போய்விட்டது. தங்கம் துருப்பிடிக்காது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வருமென்றால் மனிதன் எதற்காக ரேம் வாங்கப்போகிறான்?

வாங்கியது எனக்காக அல்ல. நான் எழுதுவதற்கு அந்தப் பத்து வயது இயந்திரத்தின் பழைய நான்கு ஜிபியே அதிகம். என் வாக்கியங்கள் அவ்வளவு கனமானவை அல்ல. என் மனைவி, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விட்ட கணக்கு டீச்சர் வேலைக்குத் திரும்பப் பார்த்தாள். இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. குப்பனூரில் இருக்கும் தன் தங்கையை மாணவியாக்கி ஒத்திகை பார்த்தாள். வீடியோவும் எழுதும் பலகையும் சேர்ந்து திறந்ததும் லேப்டாப் நின்றுவிட்டது. திரையில் அவள் முகம், வாய் பாதி திறந்தபடி, ஐந்து நிமிடம் அசையவில்லை.

“இது இப்படியே நின்னுபோச்சுன்னா எனக்கு யாருங்க வேலை குடுப்பாங்க?” என்றாள்.

“நான் பாத்துக்கறேன்” என்றேன். எங்கள் வீட்டில் பல பொருள்களின் ஆயுளை முடித்துவைத்த வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடிமூடியைக் கழற்றினேன். பழைய துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. எட்டு ஜிபி துண்டு அதில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. என்ன பொருத்தம் என்று வியந்தேன். திரையில் பன்னிரண்டு என்று வந்தது. வீட்டில் அறிவிப்பும் செய்தேன்.

திங்கள் காலை பார்த்தால் நான்கு. அணைத்துப் போட்டேன். நான்கு. மத்தியானம் போட்டேன். பன்னிரண்டு. செவ்வாய் காலை மறுபடி நான்கு.

இணையத்தில் தேடினால், என்னைப் போலவே வாங்கிய நினைவகத்தைத் தொலைத்தவர்கள் உலகமெங்கும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பிட் விண்டோஸாக இருந்தால் நான்குக்கு மேல் எடுக்காது என்றார் ஒருவர். பார்த்தேன்; என்னுடையது அறுபத்து நான்கு. ரேமுக்கு உச்சவரம்பு விதிக்கும் ஒரு சின்னப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடு என்றார் இன்னொருவர். டிக்கே இல்லை, போட்டு எடுத்தேன், மனத்திருப்திக்கு. பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தேன். உலகத்தில் யாரும், எண்ணெய் தடவினாயா என்று மட்டும் கேட்கவில்லை. அதனால் நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புதன்கிழமை, என்னைப் போலவே இயந்திரமும் மத்தியானத்துக்கு அப்புறம்தான் சுறுசுறுப்பாகும் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப கிளாஸ மத்தியானத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கட்டுங்களா? எங்க ஊட்டு லேப்டாப் இன்னும் எந்திரிக்கலைன்னு?”

சிரிக்காமல் சொன்னாள். கையிலிருந்த பாடக்குறிப்பை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு நான் வேடிக்கை பேசவில்லை.

வியாழன் காலை இருவருமாக ஒண்டிக்கடைப் பகுதியில் லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவரிடம் போனோம். அவர் கொஞ்சம் பேசி நிறைய வேலை செய்கிறவர். புதுத் துண்டைப் பழைய இடத்தில் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. பழையதைப் புது இடத்தில் போட்டார், அப்போதும் கறுப்பு.

“ஸ்டிக்கும் ஸ்லாட்டும் ஒரே சமயத்துல கெடாதுங்களே” என்றவர், துண்டை விளக்கில் காட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்து, “ஏனுங்க, ஊட்டுல யாராச்சும் தலைக்கு எண்ணெ வெச்ச கையோட இதத் தொட்டீங்களா?” என்று கேட்டபடி என் மனைவியின் பின்னலைப் பார்த்தார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் கௌரவமாக வீடு திரும்பியிருக்கலாம். சொல்லியும் இருப்பேன். ஆனால் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தாங்க. துருப்புடிக்கக் கூடாதுன்னு ஒரு சொட்டு வெச்சேன்.”

“ஒரு சொட்டுதானுங்களா?”

“ரெண்டு பக்கமும்.”

அவர் துண்டை மேசைமேல் வைத்தார். “காலைல உங்க எண்ணெப் பாட்டலப் பாத்திருப்பீங்களே, வெள்ளையா உறைஞ்சு நிக்கும். இதுக்குள்ளயும் அப்படித்தான் நின்னிருக்குதுங்க. வெயிலேறுனா உருகி வழிவிடும். அதான் மத்தியானம் மட்டும் காட்டுது. பரவால்லீங்க, வெளக்கெண்ணெ வெக்காம விட்டீங்களே.”

பார்க்காமல் என்ன? அந்த வாரம் முழுக்கக் காலையில் புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் நான் தலைக்குத் தேய்த்துக்கொண்டேன். எண்ணெய் மண்டையில் இறங்கியது, விஷயம்தான் இறங்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் பொன் பற்களைத் தேய்த்தார். ஸ்லாட்டுக்குள் ஸ்பிரிட் தொட்ட பிரஷை விட்டு, காயவைத்து, இரண்டையும் மாட்டினார். எதிர்க்கடை தெரியாத மூட்டத்தில், காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு வந்தது. மனைவி மடித்துவைத்திருந்த பாடக்குறிப்பைப் பிரித்து, பைக்குள் நேராக வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவள் உள்ளறையில் உட்கார்ந்தாள். நான் சமையலறையில் ஒரு தம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். குரல் நிற்கவில்லை. பின்னங்கள் வந்தன, ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, தப்பு எந்த வரியில் என்று கேட்டாள். பிறகு யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, பலர் சிரித்தார்கள். நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஆறிப்போன என் காப்பியை எடுத்துக் குடித்தாள்.

“லேப்டாப் எங்கயும் நிக்கலையே?” என்றேன். பாராட்டு வருமென்று கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

“நிக்கலீங்க. பசங்களுக்குத் தப்பு எங்கன்னு தேட எப்படிச் சொல்லித் தருவீங்கன்னு கம்பெனிக்காரங்க கேட்டாங்க. கடைசியா நாம எதைச் செஞ்சோமோ அதைத்தான் முதல்ல சந்தேகப்படோணும்னு சொன்னேன். ஒரு உதாரணம் கேட்டாங்க. உங்களச் சொன்னேன். நொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்பறம் கேள்வியே கேக்கலீங்க, திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லீட்டாங்க.”